நான்காவது அடுக்கு

"போதும் மேடம். இதுக்கு மேல ஒரு தடவை கேட்டா நான் எதையாவது உடைச்சிடுவேன்" என்றேன்.

"உடை. உன்னோட டீ டம்ளரா பார்த்து உடை" என்று சொல்லிவிட்டு மேடம் மறுபடியும் அந்தப் பதிவைப் போட்டார்.

கதவு படாரென்று சாத்தப்படுகிறது. ஒரு பெண் கத்துகிறாள்: "இன்னொரு தடவை அழுதே, உயிரோட புதைச்சிடுவேன்!" ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. மறுபடி கதவு. மறுபடி அழுகை. அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒருவன் தன் ஆறு வயது மகளைப் பெற்றவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தான். நாளை காலை குடும்ப நீதிமன்றத்தில் தீர்ப்பு. அது அவன் பக்கம் போனால், பெற்றவள் தன் மகளைப் பார்க்க மாதத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அதுவும் ஒரு காவலரை வைத்துக்கொண்டு.

அந்தப் பெற்றவள் மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். சினிமாவுக்கும் சீரியலுக்கும் டப்பிங் பேசுகிறவள். நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். கர்ச்சீப்பை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தாள்.

"குரல் உன்னோடதுதானே?" என்றார் மேடம்.

"என்னோடதுதான். சீரியல்ல சித்திக்காரிக்குப் பேசினது. அப்புறம் அந்த சீனையே தூக்கிட்டாங்க, டி.வி.யில வரவே இல்ல. வெறும் குரல் மட்டும் என் வீட்டுக்காரர்கிட்ட இருந்துது. அவர்தானே அந்த சீரியலுக்கு சவுண்ட் பார்த்தார்."

"கோர்ட்ல இதைச் சொன்னியா?"

"சொன்னேன் மேடம். கத்திச் சொன்னேன். அதையே காட்டி, 'பாருங்க எப்படிக் கத்துறாங்க'ன்னு எழுதிக்கிட்டாங்க."

பதிவைச் சோதித்த ஆய்வுக்கூடத்துக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஒரு அறிக்கை கொடுத்திருந்தார்கள். குரல் தாயுடையது, அழுகை குழந்தையுடையது என்று அதில் இருந்தது. ரொம்பச் சரி. இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் நடந்ததா என்று மட்டும் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்காததற்கு அவர்கள் ஏன் பதில் சொல்லப் போகிறார்கள்?

"மின்னல், அழுகையை மட்டும் கேளு" என்றார் மேடம். எனக்கு மின்னல் என்று பெயர் வைத்தவர் அவர்தான். நான் மாடிப்படி ஏறும் வேகத்தைப் பார்த்துவிட்டு வைத்தது.

கேட்டேன். முதல் அழுகையின் நடுவே ஒரு விக்கல். இரண்டாவது அழுகையிலும் அதே இடத்தில் அதே விக்கல். ஆனால் இரண்டாவது அழுகை கொஞ்சம் கனமாக, கொஞ்சம் இழுவையாக இருந்தது.

"ஒரே அழுகை மேடம்! ரெண்டாவது தடவை சுருதியை இறக்கியிருக்கான். சாம்ப்ளர்ல சுருதியை இறக்கினா சத்தம் நீண்டுக்கும்."

மேடம் தங்கச்சியைப் பார்த்தார். "இவன் முன்னாடி இசைக்கருவி கடையில வேலை பார்த்தவன். வாங்க வந்தவங்ககிட்ட உண்மையைச் சொன்னதால துரத்திட்டாங்க."

நான் மேசையில் பேப்பரை விரித்துக் கட்டம் போட்டேன். சாம்ப்ளர் என்பது ஒரு சதுரப் பெட்டி. மேலே ரப்பர் பேட் பதினாறு இருக்கும். ஒரு பேட்டைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். அந்த ஒரு பேட்டுக்குள்ளேயே நாலு சத்தங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு அடுக்கையும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம், முன்னாலும் பின்னாலும் வெட்டலாம். மெதுவாகத் தட்டினால் ஒரு அடுக்கும் ஓங்கி அடித்தால் வேறொரு அடுக்கும் பேசும்படிகூட வைக்கலாம். கதவு ஒரு அடுக்கு, தாயின் கத்தல் ஒரு அடுக்கு, குழந்தையின் அழுகை ஒரு அடுக்கு. ஒரு விரலால் தட்டினால் ஒரு தாய் ராட்சசி ஆகிவிடுவாள்.

"இன்னொண்ணு கவனிச்சியா? இந்தக் குழந்தை மூச்சே இழுக்காம அழ ஆரம்பிக்குது" என்றார் மேடம். "எந்தக் குழந்தையாவது மூச்சு இழுக்காம வீறிடுமா?"

"முன்பக்கத்தை வெட்டியிருக்கான்."

"வெறும் மூச்சை வெட்ட வேண்டிய அவசியம் என்ன? அதுக்கும் முன்னாடி அவன் வேற எதையோ வெட்டியிருக்கான். அது என்னன்னு தெரிஞ்சா போதும்."

தங்கச்சி மெல்லக் கேட்டாள். "அவ எப்ப அழுதா மேடம்? நான் டப்பிங்குக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப பூட்டு மாத்தியிருந்தார். அந்த ஒரு வாரத்துலதானே இதெல்லாம்... அவளை என்ன பண்ணினார்?"

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

அந்த வீட்டுக்குள் நுழைய எங்களுக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. தன் துணிமணிகளையும் சாமான்களையும் எடுத்துக்கொள்ள நீதிபதி தங்கச்சிக்கு அன்று மதியம் அனுமதி கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். பெட்டி தூக்க இரண்டு பேரைக் கூட்டி வரலாம். அந்த இரண்டு பேர் நாங்கள். மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலி வேறு. பெட்டி தூக்கும் ஆளாக அவரைக் காட்டிக்கொள்ள நான் கூச்சப்பட்டேன். அவர் படவில்லை.

"இன்னிக்கு நீ கோபப்படவே கூடாது" என்றார் மேடம் வண்டியில் தங்கச்சியிடம்.

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. என் வக்கீல் சொல்றார், எங்க அண்ணன் சொல்றார். என் குழந்தையைப் பிடுங்கி வெச்சிருக்கறவன்கிட்ட நான் சிரிச்சுப் பேசணும். அவன் மட்டும் எப்பவும் போல மெதுவா பேசுவான்." தங்கச்சியின் குரல் உயர்ந்தது. "பத்து வருஷமா அவன் ஒரு தடவைகூடக் கத்தினது இல்ல மேடம். கத்த வைக்கிறது மட்டும்தான் அவன் வேலை."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். அந்த வக்கீலம்மா பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உன் கோபத்துக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க."

"எனக்கும் அதே விதியா மேடம்?" என்றேன்.

"உனக்கு விதியே கிடையாது. வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு."

*

கதவைத் திறந்தவனுக்கு நான் அங்கேயே பஞ்சு என்று பெயர் வைத்துவிட்டேன். அவ்வளவு மென்மை. விளம்பரங்களுக்கு இசை போடுகிறவன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெட்டிச் சீராக்கிய நகங்கள். "வாங்க, உள்ள வாங்க" என்றான். குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டான். அறைந்தால்கூட மறு கன்னத்துக்குப் பவுடர் போட்டுக் காட்டுவான் போலிருந்தது.

சோபாவில் எதிர்த்தரப்பு வக்கீலம்மா. மடியில் நோட்டு, கையில் திறந்த பேனா. மேடம் சொன்னது சொன்னபடி.

செருப்பு ஸ்டாண்டில் ஒரு ஜோடி சின்ன சிவப்பு செருப்பு இருந்தது. தங்கச்சி அதன் முன்னால் நின்றுவிட்டாள். "புதுசா?" என்றாள்.

"பழசு கடிக்குதுன்னு சொன்னா. நீ கவனிச்சிருக்க மாட்டே" என்றான் பஞ்சு அன்பாக.

தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். புடவைகளை நான் பெட்டியில் திணித்தேன். மடித்து வைக்கச் சொன்னார் மேடம். மடித்துத் திணித்தேன்.

"என்னோட மைக்கும் ஹெட்போனும் ஸ்டூடியோ ரூம்ல இருக்கு" என்றாள் தங்கச்சி.

அதற்காகத்தான் வந்திருந்தோம். பஞ்சு முகம் சுளிக்கவில்லை. அவனே முன்னால் போய் விளக்கைப் போட்டான். சுவரெங்கும் சாம்பல் நிறப் பஞ்சுத் தகடுகள், ஒரு மேசை, இரண்டு ஸ்பீக்கர். நடுவில் அந்தச் சதுரப் பெட்டி, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

நான் அதன் திரைப் பக்கம் கையை நீட்டினேன்.

"சாமான் எடுக்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?" வக்கீலம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "அது என் கட்சிக்காரரோட மெஷின். தொடாதீங்க."

"பரவாயில்லைங்க. அவங்களுக்குச் சந்தேகம் இருக்கறது நியாயம்தான்" என்றான் பஞ்சு. "நானே காட்டறேன். எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

ஒவ்வொரு பேட்டாகத் தட்டினான். விரல் நுனியால், தூங்குகிற பூனையைத் தொடுகிற மாதிரி. மிருதங்கம், மழை, மணி, விசில், தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவும் இல்லை, கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மேடத்தைப் பார்த்தேன். மேடம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஒரே துப்பு கண்ணெதிரே செத்துக் கிடந்தது.

"இதையும் கேளு" என்றான் பஞ்சு தன் மனைவியைப் பார்த்து. கடைசி பேட்டைத் தொட்டான்.

குழந்தையின் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டினால் வருமே, அந்தச் சிரிப்பு. தங்கச்சி ஸ்பீக்கர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். கோர்ட் பதிவின் அழுகையைத் தவிர மகளின் குரலையே அவள் மூன்று மாதமாகக் கேட்டதில்லை.

"போன வாரம் எடுத்தது. நீ போனதுக்கப்புறம் அவ இப்படித்தான் இருக்கா." மறுபடி தட்டினான். சிரிப்பு. "வீட்டுல சத்தம் இல்ல பாரு, குழந்தைக்கு பயம் விட்டுப் போச்சு." மறுபடி தட்டினான். சிரிப்பு. "உன்னைப் பத்திக் கேக்கறதே இல்ல."

வக்கீலம்மாவின் பேனா தயாரானது. எனக்குப் புரிந்தது. நாளைக்கு முன்னால் இன்னொரு கத்தல் வேண்டும் அவர்களுக்கு. அதற்குத்தான் இந்த உபசாரம், இந்தக் குளிர்பானம் எல்லாம். அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்க என் கை பரபரத்தது. மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சியைப் பிடிக்க யாரும் இல்லை.

"என் பொண்ணுடா அவ!" என்று கத்திக்கொண்டு, கையை ஓங்கி, அவன் விரலிருந்த அந்த பேட் மேலேயே உள்ளங்கையால் அறைந்தாள். மேசை குதித்தது. பஞ்சு கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். வக்கீலம்மா பாய்ந்து எழுதத் தொடங்கினார்.

ஸ்பீக்கரில் அதே சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது. மெதுவான, இனிமையான ஆண் குரல்.

சிரிப்பு முடிந்துவிட்டது. அந்தக் குரல் முடியவில்லை.

"...இன்னும் சத்தமா கண்ணு. சத்தமா அழுதாதான் அம்மாவுக்குக் கேக்கும். கேட்டாதான் வருவாங்க."

"அழுதுட்டேனேப்பா..."

"பத்தாது. அம்மா உன்னை மறந்துட்டாங்க, இனிமே வரவே மாட்டாங்கன்னு நினைச்சுக்கோ. ஹாங்... அப்படித்தான்."

ஒரு குழந்தை மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு வீறிட்ட அழுகை. நடுவே ஒரு விக்கல்.

பேனா நின்றுவிட்டது.

பஞ்சு பாய்ந்து மின்சார சுவிட்சுக்குக் கை நீட்டினான். அங்கே ஏற்கனவே மேடத்தின் கை இருந்தது. என் வாழ்க்கையில் மேடம் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. மின்னல் பட்டம் உண்மையில் யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்.

"மின்னல், இது எப்படின்னு விளக்கிச் சொல்லு" என்றார்.

ஆத்திரத்தோடு சொன்னேன். "அழுகையை வெட்டறதுக்கு முன்னாடி வெட்டாத பிரதி ஒண்ணை எடுத்து நாலாவது அடுக்குல பத்திரமா வெச்சிருக்கான் மேடம். இந்த வேலை செய்யற எல்லாருக்கும் இருக்கற பழக்கம் அது. வேலை நடக்கும்போது அது குறுக்க பேசக் கூடாதுன்னு, ரொம்ப ஓங்கி அடிச்சா மட்டும் ஒலிக்கற மாதிரி தள்ளி வெச்சிருக்கான். அப்புறம் வேலை முடிஞ்சதும் மறந்துட்டான். இன்னிக்குக் காலையில உக்காந்து ஒவ்வொண்ணா தட்டி, காதுக்குக் கேட்டதையெல்லாம் அழிச்சிருக்கான். அதே பேட்ல காலியான முதல் அடுக்குல சிரிப்பைப் போட்டிருக்கான். ஆனா இவனோட விரலுக்கு நாலாவது அடுக்கு எப்படிக் கேக்கும்? எதையும் ஓங்கி அடிச்சுப் பழக்கமே இல்லையே!"

வக்கீலம்மா தன் கட்சிக்காரனைப் பார்த்தார். "என்ன சார் இது?"

பஞ்சு சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டான். மூச்சு சீராகிவிட்டது. எப்படித்தான் முடிகிறதோ!

"விளம்பரம்ங்க. குழந்தைங்க மருந்து விளம்பரத்துக்கு அழுகை வேணும்னாங்க. வெளியாளைத் தேடாம என் பொண்ணையே நடிக்க வெச்சேன். நடிகர்கள்கிட்ட டைரக்டர் பேசற மாதிரி பேசினேன். அழுகையும் நடிப்பு, நான் சொன்னதும் நடிப்பு. இதுல என்ன தப்பு?"

"கோர்ட்ல கொடுத்த பதிவுல இருக்கறது இதே அழுகை. அதே விக்கல்" என்றார் மேடம்.

"குழந்தைங்க அழுகை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்க பெத்து வளர்த்திருந்தா தெரியும்."

மேடத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. அவருக்குக் குழந்தை இல்லை என்பதை இவன் எங்கிருந்தோ தெரிந்து வைத்திருக்கிறான். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

வக்கீலம்மா பேனா மூடியைத் தேடினார். கண்டுபிடித்தார், ஆனால் மூடவில்லை. "விளம்பரம்னா... எந்தக் கம்பெனி?"

"அது கடைசியில வேணாம்னுட்டாங்க. இந்தத் தொழில்ல சகஜம்."

வக்கீலம்மாவின் தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன். நம்பவில்லை அவர். ஆனால் நாளைக்கு நீதிபதி முன்னால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது அவருக்கு. அவன் விளம்பரம் என்பான், நாங்கள் இல்லை என்போம், மகள் அவனிடமே இருப்பாள். வக்கீல் தொழிலில் அது போதும். எனக்கு அந்தச் சதுரப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது.

"மறுபடி ஒரு தடவை அடிங்க. போன்ல பதிவு பண்ணிக்கறேன்" என்றார் மேடம் தங்கச்சியிடம்.

தங்கச்சி பெட்டியைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது மேடம். அவளை மறுபடி அழ வைக்க என்னால முடியாது."

"நான் இருக்கேன்" என்று முஷ்டியை மடக்கி அந்த பேட் மேல் ஒரு போடு போட்டேன். அந்த ஒரு அடியில் பஞ்சுவின் முகத்துக்குச் சேர வேண்டியதும் சேர்ந்திருந்தது. மறுபடி அந்த இனிமையான குரல். "...சத்தமா அழுதாதான் அம்மாவுக்குக் கேக்கும்..." மேடத்தின் கையில் போன் பதிவு செய்துகொண்டிருந்தது. மறுபடி மூச்சு. மறுபடி விக்கல்.

அந்த அழுகைச் சத்தத்தில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றதை யாரும் கேட்கவில்லை.

வாசற்கதவு திறந்தே இருந்திருக்கிறது, நாங்கள் பெட்டி இறக்குவதற்காக. ஸ்டூடியோ வாசலில் தோளில் பையோடு மகள் வந்து நின்றாள். ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எரிகிற விளக்குகளோடு இருந்த பெட்டியைப் பார்த்தாள். தன்னுடைய அழுகை முடிகிறவரை, பழக்கப்பட்டவள் போல அமைதியாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

ஓடி வரவில்லை. அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கேட்டுடுச்சா?"

பஞ்சு அவள் தோளிலிருந்த பையை வாங்கக் கை நீட்டினான்.

"தினமும் அழுதேன்ல... அன்னிக்கெல்லாம் கேக்கலையா?" என்றாள் குழந்தை.

வக்கீலம்மா எழுதியிருந்த தாளை நோட்டிலிருந்து கிழித்தார். நான்காகக் கிழித்தார். "வாயைத் திறக்காதீங்க" என்றார் அவனிடம், தாழ்ந்த குரலில். "நாளைக்கு நீங்க வேற வக்கீல் பாத்துக்கோங்க. நான் கோர்ட்டுக்கு வருவேன். இங்க என்ன கேட்டேன்னு சொல்ல வருவேன்."

தங்கச்சி தரையில் மண்டியிட்டிருந்தாள். வண்டியில், கோர்ட்டில், இந்த அறையில் என்று மாதக்கணக்காக அடக்கி வைத்த கோபமெல்லாம் முகத்தில் அப்படியே இருந்தது. அதை மறைக்க இப்போது அவள் முயலவில்லை. குழந்தை அருகில் போய் அந்த முகத்தை உற்றுப் பார்த்தது.

"கோபமா இருக்கியாம்மா?"

"ஆமாடி. ரொம்பக் கோபமா இருக்கேன்."

"என் மேலயா?"

"உன் மேல இல்லடி தங்கம்." தங்கச்சி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எனக்குக் கேக்கலடி. இத்தனை நாளும் எனக்குக் கேக்கவே இல்லடி. இப்பதான் கேட்டுச்சு."